பெட்டி மேல் பழி

செம்பூர்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மருமகளுக்கு,

சனிக்கிழமை மாட்டுங்காவில் உன் கல்லூரி வாசலில் நின்று நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. ரோட்டில் பஸ் சத்தம் ஒரு பக்கம், உன் கூட்டாளிகள் ஆளுக்கொரு காரணம் சொன்ன சத்தம் இன்னொரு பக்கம். கடைசியாக நீ சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "மேட்டுல முதல் கியர் தெறிக்குது மாமா. மூணாவது தடவையா கியர் பெட்டியை இறக்கப் போறோம்."

இறக்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் 'சரி மாமா, சரி மாமா' என்றுவிட்டு ஸ்பேனரைத் தேடிப் போய்விடுவாய். தாளில் எழுதினால் வண்டிப் பக்கத்தில் கிடக்கும், கிரீஸ் கையோடு புரட்டிப் பார்க்கலாம்.

நீ செய்கிற வேலை என்னவென்று உன் அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "படிக்கப் போன புள்ள ஏண்டா வெல்டிங் அடிக்கா?" என்று தாராவியிலிருந்து எனக்குத்தான் போன் வருகிறது. மேடு, பள்ளம், சேறு எதுவானாலும் ஏறி இறங்குகிற ஒற்றை ஆள் வண்டி அக்கா, பிள்ளைகளே குழாயை வளைத்துக் கட்டி இந்தூர் பக்கம் பீதம்பூருக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டணும் என்று சொன்னேன். 1976-ல் அமெரிக்காவில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2007-ல் நம் நாட்டுக்கும் வந்த பாஹா போட்டி என்றேன். கடைசி ஓட்டம் நாலு மணி நேரம் என்றதும் "கவுந்துட்டா?" என்றாள். கூண்டு இருக்கு, பெல்ட் இருக்கு என்று சொல்லியும் சமாதானம் ஆகவில்லை. அது உன் பாடு.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தப் போட்டியில் எல்லா அணிக்கும் ஒரே என்ஜின். பல வருஷமாக பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் 305 சிசி, 10 குதிரைசக்தி என்ஜினைத்தான் கொடுத்து வந்தார்கள். அதைத் திறந்து வேலை காட்டக் கூடாது. ஆக, வித்தை எல்லாம் என்ஜினுக்குப் பின்னால், சக்கரம் வரைக்கும் இருக்கிற வழியில். வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடுகிற சிவிடி போட்டுக்கொள்கிறார்கள், கியர் மாற்றுகிற தலைவலியே கிடையாது. நம் பிள்ளைகள் பல பேர் மஹிந்திரா ஆல்ஃபா மாதிரியான மூன்று சக்கர வண்டியின் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். நாலு முன்கியர், ஒரு ரிவர்ஸ், டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள், விலை மலிவு, பார்ட்ஸ் எந்த நாக்காவிலும் கிடைக்கும். முதல் கியரில் என்ஜின் முப்பது சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மலை ஏற அது போதும். நீங்கள் குர்லாவில் பழைய வண்டிப் பெட்டியை வாங்கியதும் அந்தக் கணக்கில்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த பம்பாயில் சயானும் மாஹிமும் தாண்டித் தெற்கே ஆட்டோ வரக் கூடாது. செம்பூரில் ஆட்டோ பிடித்தால் சயானில் இறங்கித்தான் உன் கல்லூரிக்கு வர வேண்டும். ஆட்டோவை விடாத மாட்டுங்காவுக்குள் ஆட்டோ பெட்டி மட்டும் உங்கள் வண்டியில் ஒளிந்துகொண்டு வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் கதை நேர் எதிர். 1970-ல் மேடு பள்ளத்தில் ஓட்ட ஹோண்டா விற்ற முதல் வண்டிக்கு மூன்று சக்கரம்தான். 1982-ல் சுசுகி நாலு சக்கரம் வைத்தது. கவிழ்கிறது, கவிழ்கிறது என்று பெரிய ரகளையாகி 1988-ல் அங்கே மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்திவிட்டார்கள். நாம் அந்த மூன்று சக்கரத்தை வைத்துத்தான் இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறோம்.

சரி, கியருக்கு வருகிறேன். முதலில் என் மானத்தை வாங்கிய கதையைக் கேள்.

நான் தனியாகக் கடை போட்ட முதல் வருஷம். குர்லாவிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். மூன்றாவதும் நாலாவதும் விழ மாட்டேன் என்கிறது. "காலையிலிருந்தே கைப்பிடி ஒரு மாதிரி தொளதொளன்னு இருக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அது காதில் ஏறவில்லை. என்ஜினை இறக்கினேன், பெட்டியைப் பிரித்தேன். உள்ளே எல்லாம் ஜோராக இருந்தது. சாயங்காலம் திருப்பி மாட்டினால் அதே கோளாறு. கடைசியில் பார்த்தால், ஹேண்டில் கழுத்தில் கேபிள் வளைகிற இடத்தில், உறைக்குள்ளே, கம்பிப்பிரி நாலைந்து அறுந்து நின்றது. மிச்சப் பிரி ரப்பர் மாதிரி இழுபட்டது. கை முழுக்கத் திரும்புகிறது, ஆனால் அந்தத் திருப்பம் பின்னால் போய்ச் சேரவில்லை. முதல் இரண்டு கியருக்கு அது போதும், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் போதாது. கூலி வாங்கவில்லை. அன்றைக்கு அவர் சேட்டுக்குக் கட்ட வேண்டிய வண்டி வாடகையையும் நானே கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிங் சாய் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் கேள்விப்பட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஓட்டுறவன் என்ன சொன்னான்?"

1977-ல் பஜாஜ் பின்-என்ஜின் ஆட்டோவைக் கொண்டுவந்தது. அந்த மாதிரி வண்டியில் கைப்பிடி ஒரு கோடியில், பெட்டி மறு கோடியில். நடுவில் வண்டி நீளத்துக்கும் கேபிள். எங்கள் கடைக்கு 'கியர் விழல' என்று வருகிற வண்டிகளில் முக்கால்வாசிக்கும் வியாதி அந்த நடுவில்தான் இருக்கும். பெட்டி ஊமை, அதனால் பழி அதன் மேல்.

அதனால் சனிக்கிழமை எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் யாரைக் கவனித்தேன் தெரியுமா? உங்கள் வண்டியை ஓட்டுகிற கண்ணாடி போட்ட பையனை. அவன் இரண்டு தடவை ஒரே விஷயத்தைச் சொன்னான், நீங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. "கியர் போறதுக்கு முன்னாடி லீவர் கையில ஒரு வெட்டு வெட்டும்" என்றான். அதைப் பிடித்துக்கொள். திரும்பி வருகிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது பாடத்தில் படித்திருப்பாய், ஆனாலும் கையால் செய்து பார். இரண்டு கைகளையும் எதிரெதிரே நீட்டி விரல்களைக் கோத்துக்கொள். அதுதான் கியர் விழுவது. பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. பக்கவாட்டில் இருக்கிற இந்த விரல்கள், டாக் என்கிறோமே, அவை கோத்துக்கொண்டால்தான் சக்தி போகும். விரலுக்கு நேரே விரல் வந்தால் கோக்காது, இடிக்கும். கொஞ்சம் திருப்பினால் பொத்தென்று விழும். அதனால் வண்டி நிற்கும்போது கியர் விழவில்லை என்று பதறாதே, அது கோளாறில் சேர்த்தியே இல்லை. பாதி விரல் மட்டும் கோத்திருந்தால்? சும்மா ஓட்டும்போது தாங்கும், பாரம் ஏறியதும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டாக்கின் விளிம்பு புதிதாக இருக்கும்போது புது சோப்பு மாதிரிக் கூர்முனையோடு இருக்கும். பாதிக் கோர்வையில் ஓட்டி ஓட்டி, தேய்ந்த சோப்பு மாதிரி ஆகிவிட்டால் அப்புறம் முழுசாகக் கோத்தாலும் நழுவும். ஆகவே கேபிள் கோளாறை விட்டுவைத்தால் அது நிஜமான பெட்டிக் கோளாறாக வளர்ந்துவிடும். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதல் சோதனை. என்ஜினை அணைத்துவிடு. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதே. ஒருத்தர் லீவரைப் போட, இன்னொருத்தர் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஒற்றைச் சக்கரத்தை மட்டும் திருப்பினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், பெட்டி சும்மா இருக்கும். டிஃபரன்ஷியல் செய்கிற குறும்பு அது. போன வருஷம் எங்கள் கடையில் ஐ.டி.ஐ முடித்துவிட்டு வந்த பையன் ஒரு மணி நேரம் அப்படித் திருப்பிவிட்டு 'எந்தக் கியரும் விழல உஸ்தாத்' என்றான். இரண்டையும் ஒரே திசையில் சேர்த்துத் திருப்பு. நாலும் விழுந்து, ரிவர்ஸும் விழுந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் உடையவில்லை என்று வைத்துக்கொள்.

அதே நேரம் பெட்டியின் மேல் இருக்கிற செலக்டர் கையைக் கழற்றி, கேபிள் இல்லாமல் வெறும் கையால் நகர்த்திப் பார். ஒவ்வொரு கியருக்கும் உள்ளே குண்டும் ஸ்ப்ரிங்கும் பள்ளத்தில் உட்காருகிற 'டொக்' விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடு. கேபிளைத் திருப்பி மாட்டி லீவரால் போடு. கை அதே கோட்டில் வந்து நிற்கிறதா, இரண்டு மூன்று மில்லி முன்னாலேயே நின்றுவிடுகிறதா? உங்கள் லீவருக்கு நீங்கள் வெட்டிய தகட்டுப் பள்ளம் சின்னதாக இருந்தால், லீவர் தகட்டில் முட்டி நின்றுவிடும், உள்ளே டாக் பாதியில் நிற்கும். முட்டுகிற இடம் பெட்டிக்குள் இருக்க வேண்டும், தகட்டில் இருக்கக் கூடாது. அரத்தை எடுத்துப் பள்ளத்தைப் பெரிதாக்கினால் சில சமயம் அதோடு கதை முடிந்துவிடும்.

இரண்டாவது, கிளட்ச். என்ஜின் ஓட, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க அமுக்கி ஐந்து எண்ணு. பிறகு முதல் கியர் போடு. எண்ணிய பிறகும் கரகரவென்று கத்தினால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அமுக்கினாலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேயிருக்கிறது. கேபிளில் தொளதொளப்பு அதிகமா பார், ஐடில் வேகம் அதிகமா பார். கிளட்ச் கோளாறாக இருந்தால் எல்லாக் கியரும் சண்டை போடும். ஒரே கியர் மட்டும் சண்டை போட்டால் கிளட்சைக் குற்றம் சொல்லாதே.

எண்ணெயைப் பற்றி இரண்டு வரி. என்ஜின், கிளட்ச், பெட்டி மூன்றும் ஒரே எண்ணெயில் முழுகிக் கிடக்கிற ஆட்டோ, பைக் இதற்கெல்லாம் டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று போட்டிருக்கும் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எம்பி என்று போட்டது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. வழுவழுப்பு அதிகம், கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் அடுக்கியிருப்பான். உங்கள் பெட்டிக்குத் தனி எண்ணெய் என்றால் புத்தகத்தில் போட்ட கிரேடை ஊற்று. ஊற்றுவதற்கு முன் பழசை ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டுப் பார். 2005 ஜூலை 26-ம் தேதி நீ கைக்குழந்தை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் கடை வாசலில் ஆட்டோ வரிசை. எந்த வண்டியின் போல்ட்டைத் திறந்தாலும் கட்டிங் சாய் நிறத்தில் எண்ணெய் கொட்டியது. தண்ணீர் கலந்த எண்ணெய் அப்படித்தான் இருக்கும். அதை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணி ஓட்டியவர்கள் பத்து நாளில் பேரிங் சத்தத்தோடு திரும்பி வந்தார்கள். பீதம்பூரில் சேற்றுக் குழிக்குள் இறக்கி எடுத்த பிறகு நீங்களும் பார்க்க வேண்டியது அந்த நிறம்தான். எண்ணெயில் தொட்டெடுத்த காந்தத்தில் மாவு மாதிரிச் சாம்பல் பூச்சு ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம். நகத்தில் இடறுகிற துணுக்கு இருந்தால் அப்போது கூப்பிடு.

இப்போது அந்தப் பையன் சொன்ன வெட்டு. என் சந்தேகம் இதுதான்.

உங்கள் பெட்டி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. நல்லதுதான், அதிர்வு குறையும். ஆனால் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கியர் கேபிளின் வெளியுறையைப் பிடிக்கிற கிளாம்பை நீங்கள் சட்டத்துக் குழாயில் வெல்டிங் வைத்திருக்கிறீர்கள். கேபிளின் உள்கம்பி போய்ப் பிடிப்பது பெட்டியின் கையை. அதாவது உறை சட்டத்தோடு, கம்பி பெட்டியோடு. மேட்டில் ஏறும்போது பையன் ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். முதல் கியரில் சக்கரத்தின் மேல் எத்தனை மடங்கு முறுக்கு விழுகிறதோ, அதே முறுக்கு பெட்டியை எதிர்ப்பக்கம் புரட்டப் பார்க்கும். ரப்பர் அமுங்குகிறது, பெட்டி சாய்கிறது, கிளாம்பு நின்ற இடத்தில் நிற்கிறது. கிளாம்புக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற தூரம் மாறிவிட்டது. யாரும் கியர் மாற்றவில்லை, ஆனால் கேபிளுக்கு மாற்றியது மாதிரிதான். டாக் பாதி வெளியே வருகிறது, மேட்டுப் பாரம் மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. அந்த இழுப்பின் இன்னொரு முனைதான் பையன் கையில் வெட்டுகிற லீவர்.

சமதரையில் ஏன் வரவில்லை, ஸ்டாண்டில் ஏன் வரவில்லை, மூன்றாவது நாலாவது கியரில் ஏன் வரவில்லை என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு எல்லாம் இதில் பதில் இருக்கிறது. முறுக்கு பெரிதாக இருக்கிற இடத்தில்தானே ரப்பர் அமுங்கும்.

நான் சொன்னேன் என்று நம்பாதே. ஒரு சாக்பீஸ் எடு. பெட்டியின் ஓரத்திலும் அதை ஒட்டிப் போகிற குழாயிலும் சேர்த்து ஒரே நேர்கோடு போடு. நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல மெல்ல விடச் சொல். பார்க்கிறவள் பக்கவாட்டில் தள்ளி நில், வண்டிக்கு முன்னாலும் நிற்காதே, பின்னாலும் நிற்காதே. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், கிளட்ச் கருகும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார். கோடு இரண்டாகப் பிரிந்தால் எத்தனை மில்லி என்று அளந்து எழுது. அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. எதிர்ப்பக்கம் பிரிய வேண்டும். கோடு அசையவே இல்லை என்றால் மாமா சொன்னது தப்பு, தாளைக் கிழித்துப் போடு.

பிரிந்தால் வைத்தியம் சுலபம். கிளாம்பைச் சட்டத்திலிருந்து அறுத்து எடு. பெட்டியின் போல்ட்டிலேயே ஒரு பிராக்கெட் மாட்டி, உறையை அதில் பிடி. உறையும் கம்பியும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டால், அந்த ஆள் எப்படி ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும். சட்டத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கேபிளுக்கு ஒரு தாராளமான வளைவு விடு, இழுத்துக் கட்டாதே. சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதே, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழல் உருகிவிடும். சந்தேகமாக இருந்தால் செம்பூர் ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு வா. ஏதாவது ஒரு டிரைவரிடம் கேட்டுப் பின்மூடியைத் திறந்து, கியர் கேபிள் உறை எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார். நீங்கள் பெட்டியை மட்டும் வாங்கி வந்தீர்கள். அதோடு வந்திருக்க வேண்டிய அந்த இரண்டங்குலத் தகட்டைக் குர்லாவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

இத்தனையும் செய்து, கோடும் அசையாமல், செலக்டரும் கோட்டில் நின்று, அப்படியும் முதல் கியர் தெறித்தால் பெட்டியைத் திற, நானும் வருகிறேன். டாக்கைத் தள்ளுகிற ஃபோர்க்கின் முனை நீலம் பாய்ந்திருக்கிறதா, டாக் விளிம்பு உருண்டிருக்கிறதா, குண்டுக்குப் பின்னால் ஸ்ப்ரிங் உடைந்திருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.

அம்மாவிடம் நான் எழுதியதைச் சொல்லாதே. 'நீயும் சேர்ந்து கெடுக்கே' என்பாள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: இரண்டு தடவை திறந்த பெட்டி அது. கழற்றியபோது பார்ட்ஸ் போட்டு வைத்த டப்பாவைக் கவிழ்த்துப் பார். மெல்லிசாக வளையம் மாதிரி ஷிம் ஏதாவது அடியில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சாக்பீஸ் வேலைக்கு முன்னால் எனக்கு போட்டோ அனுப்பு. அது இருந்தால் மேலே எழுதியதில் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.